கல்லூரி ஃபுட்பாலா, பேஸ்பால் ஒப்பந்தமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் ஃபுட்பாலிலும், வசந்த காலத்தில் பேஸ்பாலிலும் வெளுத்துக்கட்டும் பையன்கள் ஆண்டுதோறும் சிலர் வருவார்கள். பதினெட்டு வயதில் அவர்கள் முன் இரண்டு தாள்கள் நீட்டப்படும். ஒன்று ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் உதவித்தொகை. இன்னொன்று ஒரு பேஸ்பால் கிளப்பின் ஒப்பந்தம், கூடவே பல லட்சம் டாலர் போனஸ். எதில் கையெழுத்துப் போடுவது என்பதைச் சுற்றி எழும் கேள்விகள் கீழே. ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம் ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பாலைத்தான் சொல்கிறேன்.

பதினெட்டு வயதிலேயே முடிவெடுக்க என்ன அவசரம்?

அவசரம் பையனுக்கு இல்லை, விதிகளுக்குத்தான். பேஸ்பாலின் மேல்மட்ட லீக்கான எம்எல்பி, பள்ளி முடித்த கையோடு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். ஃபுட்பாலின் என்எஃப்எல் அப்படியில்லை. பள்ளி முடித்து 3 ஆண்டுகள் ஆனால்தான் உள்ளே விடும். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வீரர் மாரிஸ் கிளாரெட் இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2004இல் மேல்முறையீட்டில் என்எஃப்எல் பக்கமே தீர்ப்பு வந்தது. ஆக, ஃபுட்பால் பையனுக்குக் கல்லூரியை விட்டால் வேறு வழி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேஸ்பால் ஒப்பந்தத்தை உதறிவிட்டு நான்கு ஆண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும் வரையோ 21 வயது ஆகும் வரையோ எம்எல்பி அவரை மறுபடி தேர்ந்தெடுக்க முடியாது. டிராஃப்ட் எனப்படும் அந்தத் தேர்வு நடக்கும் இந்த ஜூலையை விட்டால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

கிட்டத்தட்ட நேர் எதிர். ஐபிஎல் ஏலத்தில் யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு வீரர். டிராஃப்ட்டில் அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். எடுத்த அணியோடு மட்டும்தான் அந்த வீரர் பேச முடியும். எம்எல்பி டிராஃப்ட் இப்போது 20 சுற்று, 600 பேருக்கு மேல் எடுக்கப்படுவார்கள். முன்பு 40 சுற்று இருந்தது. என்எஃப்எல்லில் 7 சுற்றுதான்.

எடுத்துவிட்டார்கள் என்பதாலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்றில்லை. பின்னாளில் என்எஃப்எல்லின் நட்சத்திர குவார்ட்டர்பேக் (அணியின் ஆட்டத்தை நடத்திப் பந்தெறிபவர்) ஆன டாம் பிரேடியை 1995இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் என்ற பேஸ்பால் அணி 18ஆவது சுற்றில் கேட்சராக (பேட் பிடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) எடுத்தது. அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பேட்ரிக் மஹோம்ஸின் அப்பா எம்எல்பியில் பந்து வீசியவர். மகனை 2014இல் டெட்ராய்ட் டைகர்ஸ் 37ஆவது சுற்றில் எடுத்தது. மகன் டெக்சஸ் டெக்கில் குவார்ட்டர்பேக் ஆகி, 2020இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸோடு 45 கோடி டாலருக்கு 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். இந்த இருவரையும் பெரிய துணிச்சல்காரர்களாகக் காட்டுவது வழக்கம். உண்மையில் 18ஆவது சுற்றையும் 37ஆவது சுற்றையும் மறுப்பதற்கு அவ்வளவு துணிச்சல் தேவைப்படாது.

போனஸ் தொகை எப்படி முடிவாகிறது?

முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. ஓர் அணியின் இடங்களுக்கான தொகைகளைக் கூட்டினால் வருவது அதன் மொத்த நிதி. அதை எப்படிப் பிரிப்பது என்பது அணியின் விருப்பம். மொத்தத்தைத் தாண்டினால் வரி. ஐந்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பே பறிபோகும். இந்த முறை 2012இல் வந்தது. இதுவரை எந்த அணியும் அந்த ஐந்து சதவீதக் கோட்டைத் தாண்டியதில்லை.

இங்கேதான் ஃபுட்பால் பையனுக்குப் பேரம் பேச இடம் கிடைக்கிறது. “நான் குவார்ட்டர்பேக் ஆகப் போகிறேன், இவ்வளவுக்குக் குறைந்தால் கல்லூரிதான்” என்று சொல்ல அவனால் முடியும். டிராஃப்ட்டுக்கு முன்பே அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் வீட்டுக்கு வந்து, எத்தனை டாலர் என்றால் கையெழுத்து விழும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார்கள். டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கும்போதே ஏஜென்ட்டின் கைபேசி அடிக்கும். இந்த இடத்தில் இந்தத் தொகைக்குச் சம்மதமா? சில நிமிடங்களில் பதில் வேண்டும். இழுத்தால் அணி வேறு பெயரைச் சொல்லிவிடும். பையனின் வாழ்க்கையையே திருப்புகிற முடிவு, வீட்டுச் சமையலறை மேசையில் அப்பா, அம்மா, ஏஜென்ட் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எடுப்பதாக இருக்கும்.

பப்பா சாண்ட்லர் இதற்கு நல்ல உதாரணம். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக் ஆவதற்கு ஒப்புக்கொண்டிருந்த ஜார்ஜியா பையன். 2021இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவரை 72ஆவதாக எடுத்து 30 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த இடத்துக்கு நிர்ணயித்த தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஃபுட்பால் என்ற மாற்று வழி கையில் இல்லாத பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) அந்த இடத்தில் அவ்வளவு பணம் கிடைப்பது கடினம். 2025 ஆகஸ்டில் அவர் எம்எல்பியில் அடியெடுத்து வைத்தார்.

போனஸ் வாங்கியதும் டிவியில் வருவாரா?

வரமாட்டார். அடுத்த நான்கைந்து ஆண்டுகள் அவரைப் பார்க்க வேண்டுமானால் சின்னச் சின்ன ஊர்களின் மைதானங்களுக்குத்தான் போக வேண்டும். மைனர் லீக் எனப்படும் கீழ்மட்டத்தில் ரூக்கி நிலை, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். கீழ்நிலைகளில் பயணம் பேருந்தில். வாரத்தில் ஆறு நாள் ஆட்டம். பள்ளியில் ஊரே திரண்டு வந்து கைதட்டிய பையன், சில நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மைதானத்தில் எண்பது மைல் வேகத்தில் வளைந்து வரும் பந்தைத் தொடமுடியாமல் திரும்புவான். அதே அக்டோபரில் அவனோடு பள்ளியில் படித்தவன் எண்பதாயிரம் பேர் முன்னால் கல்லூரி ஃபுட்பால் ஆடிக்கொண்டிருப்பான். பணத்தைவிட இந்த ஒப்பீடுதான் பலரை உள்ளுக்குள் அரிக்கும் என்று நினைக்கிறேன்.

சம்பளம் முன்பு படுமோசம். மைனர் லீக் வீரர்கள் 2022இல் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் வந்த ஒப்பந்தத்தில் சிங்கிள் ஏ ஆண்டுச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆகவும், டிரிபிள் ஏ சம்பளம் 17,500இலிருந்து 35,800 ஆகவும் உயர்ந்தது. தங்குமிடத்தையும் இப்போது கிளப்பே கொடுக்கிறது. எம்எல்பிக்குள் நுழைந்துவிட்டால் கதையே வேறு. 2025இல் அங்கே குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7,60,000 டாலர். இடையில் இருக்கும் இந்தப் பள்ளத்தைத் தாண்டும் வரை கைகொடுப்பது போனஸ்தான். அதனால்தான் போனஸ் தொகைக்கு இவ்வளவு பேரம்.

பேஸ்பாலில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கல்லூரி ஃபுட்பால் கனவு அவ்வளவுதானா?

பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. ஒரு விளையாட்டில் தொழில்முறை வீரராக இருப்பவர் இன்னொரு விளையாட்டில் கல்லூரிக்காக ஆட, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ அனுமதிக்கிறது. பின்னாளில் என்எஃப்எல் ஜாம்பவானான குவார்ட்டர்பேக் ஜான் எல்வேயை நியூயார்க் யாங்கீஸ் 1981இல் இரண்டாம் சுற்றில் எடுத்தது. 1982 கோடையில் ஒனியோன்டா என்ற சிற்றூரில் யாங்கீஸின் கீழ்மட்ட அணிக்காக 42 ஆட்டம் ஆடி பேஸ்பாலில் நல்ல எண்ணான .318 பேட்டிங் சராசரி வைத்தார். அதே இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பிக் கடைசி ஆண்டு ஃபுட்பால் ஆடினார்.

அந்த யாங்கீஸ் ஒப்பந்தம் அவருக்கு இன்னொரு வகையிலும் உதவியது. 1983 என்எஃப்எல் டிராஃப்ட்டில் பால்டிமோர் கோல்ட்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. “உங்களுக்கு ஆடமாட்டேன், வேண்டுமானால் பேஸ்பாலுக்குப் போய்விடுவேன்” என்று அவர் பிடிவாதமாக நின்றார். கோல்ட்ஸுக்கு வேறு வழி தெரியவில்லை, டென்வர் பிராங்கோஸுக்கு விட்டுக்கொடுத்தது. மிச்சமெல்லாம் டென்வர் வரலாறு.

குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனும் இப்படித்தான். கொலராடோ ராக்கீஸ் 2010இல் நான்காம் சுற்றில் எடுத்தபின், கோடையில் அவர்களது மைனர் லீக் அணியிலும் மற்ற நாட்களில் கல்லூரி ஃபுட்பாலிலுமாக ஓடிக்கொண்டிருந்தார். வட கரோலினா ஸ்டேட் பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை. விஸ்கான்சினுக்கு மாறினார். 2014 பிப்ரவரியில் சியாட்டில் சீஹாக்ஸோடு என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வென்றார்.

ஒரே பள்ளி, ஒரே கல்லூரி, இரண்டு முடிவுகள் என்று ஒரு கதை உண்டாமே?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கதை அது. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் கிரெட்டின்-டெர்ஹம் ஹால் என்று ஒரு பள்ளி. அங்கிருந்து கிரிஸ் வைன்கி, ஜோ மௌயர் இருவரும் பதினோரு ஆண்டு இடைவெளியில் வந்தார்கள். இருவரும் ஃபுளோரிடா ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக் ஆக வேண்டியவர்கள். இருவருமே பேஸ்பால் பக்கம் போனார்கள்.

மௌயர் பள்ளி நாட்களில் மொத்தமே ஒரே ஒரு முறைதான் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனார் என்று சொல்வார்கள். 2001இல் சொந்த ஊர் அணியான மினசோட்டா ட்வின்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்து 51.5 லட்சம் டாலர் கொடுத்தது. கேட்சராக ஆடிக்கொண்டே 2006, 2008, 2009 என மூன்று முறை அமெரிக்கன் லீக் (எம்எல்பியின் இரு பிரிவுகளில் ஒன்று) பேட்டிங் பட்டம், 2009இல் எம்விபி எனும் சிறந்த வீரர் விருது, 18.4 கோடி டாலருக்கு எட்டாண்டு நீட்டிப்பு, 2024இல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். 2004 முதல் 2018 வரை ஒரே அணி.

வைன்கியை 1990இல் டொரோன்டோ புளூ ஜேஸ் இரண்டாம் சுற்றில் எடுத்தது. ஆறு ஆண்டு மைனர் லீக்கில் உழன்றார், டிரிபிள் ஏ வரை ஏறினார். அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. திரும்பி வந்தால் இடம் உண்டு என்று ஃபுளோரிடா ஸ்டேட் பயிற்சியாளர் பாபி பவ்டன் அன்று சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இருபத்தைந்து வயதுக்காரர் பதினெட்டு வயதுப் பையன்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்தார். 1999 பருவத்தில் தேசியச் சாம்பியன் பட்டம். 2000இல், 28 வயதில், கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன். அந்த விருதை வாங்கியவர்களிலேயே வயதில் மூத்தவர் அவர்தான்.

பிராண்டன் வீடனும் இதே தடம். யாங்கீஸ் எடுத்த பிட்சர். அங்கே சரிப்படவில்லை. ஓக்லஹோமா ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக் ஆகி, 2012 என்எஃப்எல் டிராஃப்ட்டில் 28 வயதில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்.

அதையே தலைகீழாகச் செய்ய முடியாதா? முதலில் ஃபுட்பால், சரிப்படாவிட்டால் பேஸ்பால்?

மிகக் கடினம். பேட் பிடிப்பது கண்ணும் கையும் தினம் தினம் பழக வேண்டிய வேலை. ஆண்டுக்கு நானூறு ஐந்நூறு முறை நல்ல பிட்சர்களை எதிர்கொண்டு வளர்வது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்ற அந்த வயதுகளில் அதை விட்டவருக்குப் பிறகு பிடிபடுவது அபூர்வம். 2007 ஹைஸ்மன் வென்ற டிம் டீபோ, 29 வயதில் நியூயார்க் மெட்ஸோடு பேஸ்பாலுக்கு வந்தார். உடலில் வலுவுக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. டிரிபிள் ஏ வரைதான் எட்ட முடிந்தது. 2021இல் ஒதுங்கிவிட்டார்.

மறுப்பாகச் சிலரைக் காட்டலாம். நோட்ர டேமில் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக இருந்த ஜெஃப் சமார்ஜா, சிகாகோ கப்ஸுக்கு வந்து 2020 வரை எம்எல்பியில் பந்து வீசினார். மிச்சிகன் ஸ்டேட்டில் ஃபுட்பால் ஆடிய கர்க் கிப்சன் 1988இல் எம்எல்பியின் மற்றொரு பிரிவான நேஷனல் லீக்கின் எம்விபி. டென்னஸி பல்கலைக்கழகத்தில் 1994இல் குவார்ட்டர்பேக்காக நின்ற டாட் ஹெல்டன் முழங்காலில் அடிபட்டு வெளியேற, அந்த இடத்துக்கு வந்த முதலாண்டுப் பையன்தான் பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரமான பெய்ட்டன் மேனிங். ஹெல்டன் 1995இல் ராக்கீஸுக்குப் போய், மௌயரோடு அதே 2024இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். ஆனால் இந்த மூன்று பேருமே கல்லூரியில் பேஸ்பாலும் ஆடியவர்கள். அதை முற்றாக விட்டுவிட்டுத் திரும்பியவர்கள் இல்லை.

என் கருத்து இதில்தான் நிற்கிறது. எந்த விளையாட்டில் பணம் அதிகம் என்று கேட்பதைவிட, எந்தக் கதவுக்குத் திரும்பி வர முடியும் என்று கேட்பது உதவும். பேஸ்பாலிலிருந்து ஃபுட்பாலுக்குத் திரும்பியவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எதிர்த்திசையில் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை.

கைலர் மர்ரே விஷயத்தில் என்ன நடந்தது?

இவருக்கு இரண்டும் ரத்தத்தில் இருந்தது. அப்பா கெவின் மர்ரே டெக்சஸ் ஏ அண்ட் எம் குவார்ட்டர்பேக். சித்தப்பா கால்வின் மர்ரே எம்எல்பி வீரர். (2001இல் ராண்டி ஜான்சன் வீசிய பந்து குறுக்கே பறந்த புறாவைத் தாக்கியதே, அப்போது எதிரே பேட்டோடு நின்றவர் கால்வின்தான்.)

2018 ஜூனில் பேஸ்பால் கிளப்பான ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் கைலரை ஒன்பதாவதாக எடுத்து 46.6 லட்சம் டாலர் போனஸுக்கு ஒப்பந்தம் போட்டது. இன்னும் ஒரே ஒரு பருவம் ஓக்லஹோமாவில் ஃபுட்பால் ஆடிவிட்டு வருகிறேன் என்றார், ஓக்லண்டும் சம்மதித்தது. இன்று பார்த்தால் அசட்டுத்தனமாகத் தெரியும். அன்றைக்கு அப்படியில்லை. முந்தைய ஆண்டு பேக்கர் மேஃபீல்டுக்கு மாற்று ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். உயரமோ ஐந்தடி பத்து அங்குலம். அந்த உயரத்தில் குவார்ட்டர்பேக்கை என்எஃப்எல் முதல் சுற்றில் எடுப்பது வழக்கமில்லை.

அப்புறம் அந்த ஒரு பருவத்தில் அவர் 4,361 கெஜம் பந்தெறிந்தார், புள்ளி தரும் 42 டச்டவுன், ஹைஸ்மன் விருது. பேஸ்பாலில் ஏழு மாதத்தில் ஒருவருடைய விலை இப்படி ஏறவே ஏறாது. 2019 பிப்ரவரியில் ஓக்லண்டின் பயிற்சி முகாம் தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. அந்த மாத இறுதியில் என்எஃப்எல் தேர்வு முகாம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போக முடியாது. பிப்ரவரி 11 அன்று ஃபுட்பால்தான் என்று அறிவித்தார்.

கணக்கைப் பாருங்கள். கையில் வாங்கியிருந்த 15 லட்சம் டாலரில் 12.9 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். வரவேண்டியிருந்த 31.6 லட்சத்தை விட்டார். ஏப்ரலில் அரிசோனா கார்டினல்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. நான்கு ஆண்டுக்குச் சுமார் 3.5 கோடி டாலர், முழுவதும் உறுதி செய்யப்பட்டது. அதில் போனஸ் மட்டுமே 2.3 கோடிக்கு மேல். இரண்டு லீக்குகளிலும் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர். 2022இல் 23.05 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பும் கிடைத்தது. ஓக்லண்டுக்கு இழப்பீடாக ஒரு டிராஃப்ட் இடம்கூடக் கிடைக்கவில்லை.

இதைக் காட்டி “பார், ஃபுட்பால்தான் லாபம்” என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். மர்ரே கையில் பேஸ்பால் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே அந்தப் பருவத்தை ஆடினார். முழங்கால் போயிருந்தாலும் ஓக்லண்ட் இருந்தது.

இரண்டையும் ஆடினால் என்ன? போ ஜாக்சன் ஆடவில்லையா?

ஆடினார். அவரும் டியான் சாண்டர்ஸும் என்று இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு, அடுத்த பெயருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜாக்சன் 1985 ஹைஸ்மன் வென்றவர். 1986இல் என்எஃப்எல் அணியான டாம்பா பே புக்கனீர்ஸ் அவரை மருத்துவப் பரிசோதனைக்கென்று தனி விமானத்தில் அழைத்துப் போனது. அந்தப் பயணம் கல்லூரி விதிமீறல் ஆகி, ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அவரது கடைசி பேஸ்பால் பருவம் பாதியில் பறிபோனது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று அவர் நம்பினார். டாம்பா முதல் ஆளாக எடுத்து 70 லட்சம் டாலருக்கு மேல் நீட்டியும், போகவில்லை. ஏறக்குறைய பத்து லட்சத்துக்குக் கன்சாஸ் சிட்டி ராயல்ஸில் பேஸ்பால் ஆடப் போனார். மறு ஆண்டு என்எஃப்எல்லின் ரெய்டர்ஸ் ஏழாம் சுற்றில் அவரை எடுத்து, பேஸ்பால் பருவம் முடிந்தபின் வந்தால் போதும் என்றது. 1989 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் எம்விபி. 1991 ஜனவரியில் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இடுப்பு எலும்பு போனது. செயற்கை இடுப்போடு 1993இல் பேஸ்பாலுக்குத் திரும்பி வந்து முதல் முறை பேட் பிடித்ததிலேயே ஹோம் ரன் அடித்தார். ஆனால் பழைய ஜாக்சன் திரும்பவில்லை.

சாண்டர்ஸ் மட்டும்தான் எம்எல்பியின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸிலும் சூப்பர் பௌலிலும் ஆடியவர். 1992 அக்டோபர் 11 அன்று மயாமியில் ஃபுட்பால் ஆடிவிட்டு, அன்று மாலையே பிட்ஸ்பர்க்கில் பேஸ்பால் அணியோடு போய்ச் சேர்ந்தார். ஆனால் அன்றிரவு அவரைக் களமிறக்கவில்லை.

இவர்களில் யாரும் குவார்ட்டர்பேக் இல்லை. குவார்ட்டர்பேக் ஆண்டு முழுக்கத் திட்டம் படிக்க வேண்டியவர். அவருக்கு இது நடக்காது.

2021க்குப் பிறகு கணக்கு மாறிவிட்டதா?

நிறையவே. முன்பு கல்லூரி வீரருக்கு உதவித்தொகை தவிர ஒரு டாலர் கிடைக்காது. பேஸ்பால் போனஸுக்கு எதிர்த்தட்டில் வைக்கக் கல்லூரியிடம் பணமே இல்லை. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாக, ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை, வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களில் அதன் பெரும்பகுதி ஃபுட்பாலுக்குத்தான். முன்னணி குவார்ட்டர்பேக்குக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் என்பது இப்போது யாரையும் ஆச்சரியப்படுத்தும் செய்தி இல்லை.

ஆனால் குவார்ட்டர்பேக்கை வைத்துப் பேசுவதே ஒரு மயக்கம். ஓர் அணியில் ஒருவர்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். டிரான்ஸ்ஃபர் இப்போது எளிது என்பதால், இரண்டாண்டு காத்திருந்த பையனின் இடத்தில் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் நிற்கலாம். சேரும்போது சொன்ன தொகை அடுத்த ஆண்டும் வரும் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேஸ்பால் போனஸ் கையெழுத்துப் போட்டால் வந்துவிடும்.

உடம்புக்கு எது பரவாயில்லை?

பேஸ்பால். பிட்சர்களின் முழங்கை போகும். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்த அறுவை சிகிச்சை இன்று சாதாரணமாகிவிட்டது. ஆண்டு ஒன்று போனாலும் பெரும்பாலோர் திரும்பி வருகிறார்கள். ஃபுட்பாலில் தலையில் விழும் அடி வேறு விஷயம். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டதில், இறந்தபின் தானமாக வந்த 111 என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110இல் சிடிஇ என்ற பாதிப்பு இருந்தது. அறிகுறி தெரிந்த குடும்பங்களே அதிகம் தானம் செய்திருக்கும் என்பதால் எல்லா வீரர்களுக்கும் அதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த பெற்றோர் அதை மறக்கப்போவதில்லை.

ஒப்பந்த விஷயத்திலும் பேஸ்பால் பக்கமே நியாயம். எம்எல்பி ஒப்பந்தம் முழுவதும் உறுதி செய்யப்பட்டது. என்எஃப்எல்லில் அறிவிக்கும் தொகையில் பெரும்பாலும் ஒரு பகுதிக்குத்தான் உறுதி.

பேஸ்பாலைத் தேர்ந்தெடுத்து ஏமாந்தவர்கள்?

பப்பா ஸ்டார்லிங் என்ற கன்சாஸ் பையன் நெப்ராஸ்காவில் குவார்ட்டர்பேக் ஆகவிருந்தவர். 2011இல் ராயல்ஸ் ஐந்தாவதாக எடுத்து 75 லட்சம் டாலர் கொடுத்தது. எம்எல்பிக்கு வரவே எட்டு ஆண்டு ஆனது. அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. ஏமாந்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபுட்பாலில் தோற்றிருந்தால் அந்த 75 லட்சம் இருந்திருக்காது.

ட்ரூ ஹென்சன் கதைதான் வருத்தம் தருவது. மிச்சிகனில் பிரேடியோடு குவார்ட்டர்பேக் இடத்துக்குப் போட்டி போட்டவர். கல்லூரியில் கடைசி ஆண்டை விட்டுவிட்டு 2001இல் யாங்கீஸோடு 1.7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். எம்எல்பியில் மொத்தம் 8 ஆட்டம், ஒரே ஒரு ஹிட். 2004இல் டாலஸ் கௌபாய்ஸுக்கு வந்தபோது மூன்று ஆண்டுத் துரு ஏறியிருந்தது. வைன்கிக்குக் கிடைத்த மாதிரி நான்கு கல்லூரி ஆண்டுகள் கையில் இல்லை. மூன்றை ஏற்கெனவே செலவழித்துவிட்டார்.

சரி, எவ்வளவு கொடுத்தால் பேஸ்பாலுக்குப் போகலாம்?

வரியும் ஏஜென்ட் பங்கும் போக, போனஸில் கையில் நிற்பது பாதிக்குச் சற்று மேல். 30 லட்சம் என்றால் 17 லட்சம் வாக்கில் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்குக் கொடுக்கிறார்கள் என்றால், பையன் நாட்டிலேயே முதல் பத்து குவார்ட்டர்பேக்குகளில் ஒருவன் இல்லையென்றால், நான் பேஸ்பால் என்பேன். இரண்டு மூன்று லட்சம் டாலருக்காகக் கல்லூரியை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குறைவாகக் கொடுத்த ஆளைக் கிளப் சீக்கிரம் கைவிடும், அதிகம் கொட்டிய ஆளுக்குப் பொறுமையாக வாய்ப்பு தரும். பிட்சர் என்றால் கல்லூரிக்குப் போய் மூன்றாண்டு கழித்து வருவதிலும் பெரிய நஷ்டமில்லை, அங்கும் பேஸ்பால் ஆடுவதாக இருந்தால்.

பேஸ்பால் போனால் படிப்பு?

ஒப்பந்தத்தில் கல்லூரிச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கிளப் தனியாக எழுதிக் கொடுக்க முடியும். கேட்டு வாங்க வேண்டும். ஆடுவதை நிறுத்தி இரண்டு ஆண்டுக்குள் படிக்கத் தொடங்கினால்தான் அந்தப் பணம் கிடைக்கும். பலர் அந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். கையெழுத்துக்கு முன் எத்தனை செமஸ்டர், செமஸ்டருக்கு எவ்வளவு, எந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை வைத்துக் கணக்கு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

பள்ளி மாணவன் ஏஜென்ட் வைத்துக்கொண்டால் கல்லூரித் தகுதி போய்விடாதா?

முன்பு போகும் அபாயம் இருந்தது. “ஆலோசகர்” என்ற பெயரில் வைத்துக்கொள்வார்கள். அவர் கிளப்போடு நேரடியாகப் பேசிவிட்டால் வம்பு. 2016இல் விதி தளர்ந்தது. டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட பள்ளி மாணவனுக்காக ஏஜென்ட் பேசலாம். கையெழுத்தாகாமல் கல்லூரிக்குப் போவதென்றால், வகுப்பில் சேருமுன் அந்த ஏஜென்ட்டோடு உள்ள ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வேண்டும். முறித்ததையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரியின் விதி அலுவலகம் முதல் வாரத்திலேயே கேட்கும்.